மலின் ஊருக்குத் திரும்பக் கூடாது

குவாத்தமாலா நகரம்
2 பிப்ரவரி 2003

அன்புள்ள பஸ்குவால் அண்ணாவுக்கு,

மிக்காயேலா எழுதுகிறேன். நான் நலம். நீயும் கத்தரினா அண்ணியும் நலம்தானே? அண்ணியின் இருமல் நின்றதா? உன் முழங்கால் மாத்திரைகளை விழுங்குகிறாயா, இல்லை போன தடவை நான் வந்தபோது பார்த்த மாதிரி ஜன்னலோரம் வரிசையாக அடுக்கி வைத்திருக்கிறாயா?

உன்னால் ஒரு காரியம் ஆக வேண்டும். யாலன்விட்ஸ் ஊர்க் குழந்தை ஒருத்தி, பெயர் மலின், ஏழு வயது. ரத்தப் புற்றுநோய் என்று போன ஆகஸ்டில் எங்கள் வார்டுக்கு வந்தாள். அம்மா ஏவுலுக்கு ஸ்பானிஷ் ஒரு வார்த்தை தெரியாது. இந்த ஆஸ்பத்திரியில் நம் பாஷை பேசுகிறவள் நான் ஒருத்திதான். டாக்டர் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிட்டுப் போவதை நான் அரைமணி நேரம் உட்கார்ந்து அவளுக்குச் சொல்வேன். டிசம்பரில் மலினின் ரத்தம் சுத்தமாகிவிட்டது. பண்டிகைக்கு வீட்டுக்குப் போய்விட்டு ஜனவரி 13-ஆம் தேதி வரச் சொல்லி அனுப்பினோம்.

வரவில்லை. இன்றோடு மூன்று வாரம் ஆகிறது.

ரத்தம் சுத்தமானால் நோய் போய்விட்டது என்று அர்த்தமில்லை. இன்னும் இரண்டு வருடம் மருந்து போக வேண்டும். பிள்ளைக்கு முடி முளைக்கிறது, ஓடுகிறது, சாப்பிடுகிறது. அதைப் பார்த்ததும் பெற்றவர்கள் குணமாகிவிட்டது என்று நினைத்துவிடுகிறார்கள். அவர்கள் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் நினைப்பேன். பதினான்கு மணி நேரம் பஸ்ஸில் வர யாருக்குத்தான் பிடிக்கும்?

யாலன்விட்ஸில் போன் இல்லை. ஆனால் எல்லா வீட்டிலும் ரேடியோ இருக்கிறது. நீதான் தினமும் மத்தியானம் கோவில் ரேடியோவில் உட்கார்ந்து, காணாமல் போன கோவேறு கழுதைக்கும் கல்யாண அழைப்புக்கும் அறிவிப்பு வாசிக்கிறாயே. இதையும் வாசி. அப்பா பெயர் தொமிங்கோ பிரான்சிஸ்கோ. நம் பாஷையில் வாசி.

அண்ணிக்கு என் அன்பு. உனக்குத் திட்டு.

தங்கை
மிக்காயேலா


சான் பிளாஸ்
12 பிப்ரவரி 2003

அருமைத் தங்கை மிக்காவுக்கு,

அண்ணன் எழுதிக்கொள்வது. இங்கே குளிர் எலும்பைக் கடிக்கிறது, மற்றபடி சுகம். கத்தரினாவின் இருமல் நின்றுவிட்டது, அதனால் பேச்சு கூடிவிட்டது. ஜன்னலோரத்தில் இருப்பவை பழைய மாத்திரைகள். புதியவற்றை விழுங்குகிறேன்.

நீ சொன்னபடி நான்கு நாள் வாசித்தேன். "யாலன்விட்ஸ் தொமிங்கோ பிரான்சிஸ்கோ, உங்கள் மகளைக் கூட்டிக்கொண்டு உடனே தலைநகருக்கு வரவும்" என்று என் நல்ல குரலிலேயே வாசித்தேன்.

பத்தொன்பது வருடம் பட்டணத்தில் இருந்து உனக்கு நம் ஊர் வழக்கம் மறந்துவிட்டது. இங்கே அப்பன் பெயர்தான் பிள்ளைக்கு இரண்டாம் பெயர். இருக்கிற ஒரு கைப்பிடி பெயர்களையே மாற்றி மாற்றி வைத்துக்கொள்கிறோம். யாலன்விட்ஸில் மட்டும் நான்கு தொமிங்கோ பிரான்சிஸ்கோ இருக்கிறார்கள்.

முதல் ஆள் பெண்டாட்டி பிள்ளையோடு மலை இறங்கி வந்தான், கையில் எனக்கென்று ஒரு கோழி. அவன் மகள் கொழுகொழுவென்று கொய்யாப்பழம் தின்றுகொண்டு நின்றாள். "டவுன்ல கூப்பிடறாங்களாமே, எம்பொண்ணுக்கு என்னாங்க?" என்று அவன் கண்கலங்கக் கேட்டான். ஒன்றுமில்லை என்று புரியவைக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. இரண்டாமவனுக்குப் பெண்ணே கிடையாது, மூன்றும் பையன்கள். "எனக்குப் பொண்ணு இல்லன்னு எனக்கே தெரியும். ஆனா நாலு நாளா எம்பேரச் சொல்லிக் கூப்பிடறீங்க, வராம இருந்தா நல்லாவா இருக்கும்?" என்றான். காப்பி குடித்துவிட்டுப் போனான். மூன்றாமவன் காப்பித் தோட்டத்து வேலைக்குப் போயிருக்கிறான், பெண்டாட்டிதான் ஆள் அனுப்பி விசாரித்தாள்.

நம்மாள் மட்டும் வரவில்லை. வேறு தொமிங்கோவைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்கிறானோ என்னவோ. இப்போது என்ன செய்ய?

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்
பஸ்குவால்


குவாத்தமாலா நகரம்
19 பிப்ரவரி 2003

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். நீங்கள் இருவரும் நலமாக இருக்க வேண்டுகிறேன். கோழி என்ன ஆயிற்று என்று எழுதவில்லையே, அண்ணி குழம்பு வைத்துவிட்டாளா?

சிரிக்கிற நிலைமையில் நான் இல்லை. இன்றோடு ஐந்து வாரம். மருந்து நிற்கிற ஒவ்வொரு நாளும் அந்த நோய் தலைதூக்கப் பார்க்கும். திரும்பி வந்துவிட்டால் முதல் தடவை கேட்ட மருந்துக்கு இரண்டாம் தடவை கேட்காது. இந்த வார்டில் எத்தனை பேரை அப்படிப் பார்த்திருக்கிறேன் என்று உனக்கு எழுதியதில்லை, எழுதவும் மாட்டேன்.

எந்த தொமிங்கோ என்று தெரியும்படி, வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல். இதைக்கூடவா நான் சொல்லித்தர வேண்டும்? இருபது வருடமாக ரேடியோவில் பேசுகிறாய். அவனைத் தவிர வேறு யாரும் வந்து நிற்காதபடி சொல்.

மலின் எப்படிப்பட்டவள் தெரியுமா? முதுகெலும்பில் ஊசி போடும்போது மற்ற பிள்ளைகள் அலறுவார்கள். இவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க கண்ண மூடிக்கோங்க சித்தி, முடிஞ்சதும் நான் சொல்றேன்" என்பாள். நானும் மூடிக்கொள்வேன்.

பதிலைச் சீக்கிரம் அனுப்பு.

மிக்கா


சான் பிளாஸ்
3 மார்ச் 2003

மிக்காவுக்கு,

நலம். நீ நலமா?

தெளிவாக அறிவித்துவிட்டேன். கேட்டுவிட்டார்கள். இன்னும் கிளம்பவில்லை. ஏதாவது தெரிந்தால் எழுதுகிறேன். முழங்கால் பரவாயில்லை.

பஸ்குவால்


குவாத்தமாலா நகரம்
11 மார்ச் 2003

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். நீ நலமில்லை என்று தெரிகிறது.

நீ எனக்கு நான்கு வரிக் கடிதம் எழுதியதே கிடையாது. கல்யாணத்துக்குக் கூப்பிட்டபோதே ஆறு பக்கம் எழுதினாய், அதில் நான்கு பக்கம் பன்றி வாங்கிய கதை. கோழியைப் பற்றிக் கேட்டேன், அதற்கும் பதில் இல்லை. ரேடியோவில் என்ன சொன்னாய்? ஒரு வார்த்தை விடாமல் எழுது.

என்ன செய்திருந்தாலும் எழுது. நான் உன்னைத் திட்டுவேன்தான். திட்டி முடித்த பிறகு என்ன செய்யலாம் என்று இரண்டு பேருமாக யோசிப்போம். எட்டு வாரம் ஆகிவிட்டது, அண்ணா.

மிக்கா


சான் பிளாஸ்
20 மார்ச் 2003

அருமைத் தங்கை மிக்காவுக்கு,

அண்ணன் எழுதுவது. கத்தரினா சுகம். நான் சுகம் என்று எழுத வெட்கமாக இருக்கிறது.

நான் சொன்னது இதுதான்: "யாலன்விட்ஸில் ஊற்றுக்கு மேல் வீடு, தொமிங்கோ பிரான்சிஸ்கோ, ஏவுலின் புருஷன், ரத்தப் புற்றுநோய் வந்த மலினின் அப்பா." மூன்று நாள், நாளைக்கு இரண்டு தடவை வாசித்தேன். இனி எந்த தொமிங்கோவும் குழம்ப மாட்டான் என்று எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டேன்.

அந்தக் குழந்தைக்கு என்ன நோய் என்று அதுவரை ஊரில் யாருக்கும் தெரியாது. ரத்தசோகை என்றுதான் அவர்கள் சொல்லி வைத்திருந்தார்கள். புற்றுநோய் என்றால் தொற்றும் என்று இங்கே எல்லோரும் நினைக்கிறார்கள். மறுநாளே மாவு மில்காரி ஏவுலின் சோளத்தை அரைக்க மாட்டேன் என்று கூடையைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். பள்ளிக்கூடத்தில் மலினைத் தனி பெஞ்சில் உட்காரவைத்தார்கள். இன்றைக்கு உன் காடு, நாளைக்கு என் காடு என்று முறை வைத்து விதைப்பார்களே, அந்தக் கூட்டத்திலிருந்து தொமிங்கோவைத் தள்ளிவிட்டார்கள்.

நான் மலையேறிப் போனேன். தொமிங்கோ கதவைத் திறக்கவில்லை. "எம்பொண்ணு பேர ஊர் பூரா வித்துட்டு இப்ப என்னாத்துக்கு வந்த? போய் ரேடியோவுல அழு," என்று உள்ளே இருந்து கத்தினான். நாயையும் அவிழ்த்துவிட்டான். நல்ல வேளை, நாய்க்கு என்னைவிட வயது அதிகம்.

இரண்டாம் தடவை போனபோது தூறல். வாசலில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பெண் மட்டும் வெளியே வந்து என்னை மேலும் கீழும் பார்த்தது. "நீங்கதான் ரேடியோக்குள்ள இருக்கறவரா? கொரலு பெருசா இருக்கு, ஆளு இத்துனூண்டு இருக்கீங்க," என்றது. சிரித்துவிட்டேன், மிக்கா. அப்புறம் அழுகை வந்துவிட்டது. அதன் முழங்காலுக்குக் கீழே நீலநீலமாகத் திட்டு. விழுந்தாயா என்று கேட்டேன். விழவில்லையாம், தானாக வருகிறதாம்.

போன ஞாயிறு பூசை முடிந்து எல்லோரும் வீட்டில் இருக்கும் நேரமாகப் பார்த்து ரேடியோவில் பேசினேன். பாதிரியாரிடம் கேட்டுக்கொள்ளவில்லை. "அடுத்தவன் பிள்ளையின் நோயை நான் ஊரறியச் சொன்னேன், அது என் தப்பு. தொமிங்கோவிடமும் ஏவுலிடமும் மன்னிப்புக் கேட்கிறேன். இந்த நோய் ஒட்டாது. என் தங்கச்சி பத்தொன்பது வருஷமா இந்தப் பிள்ளைகளைத் தூக்கி வளர்க்கறா, வாந்தியைக் கையால துடைக்கறா. அவளுக்கு இதுவரைக்கும் ஒண்ணும் ஒட்டல, சதைதான் ஒட்டியிருக்கு," என்றேன். கோபித்துக்கொள்ளாதே. உண்மையைச் சொல்லும்போது கொஞ்சம் சிரிக்க வைத்தால்தான் இந்த ஊர் கேட்கும்.

ஊர் கேட்டதா என்று தெரியவில்லை. மில்காரி இன்னும் அரைக்கவில்லை. ஆனால் தொமிங்கோ கதவைத் திறந்தான். ஏவுல் எட்டு மாதக் கர்ப்பம், பஸ்ஸில் வர முடியாது, அவன்தான் மலினைக் கூட்டி வர வேண்டும். "வர்றதப் பத்தி இல்ல. இது விதைக்கற நேரம். ஒருத்தனும் எங்காட்டுல எறங்க மாட்டேங்கறான். சோளம் போடலன்னா மத்த ரெண்டு புள்ளைங்க என்னத்தத் தின்னும்?" என்று கேட்டான். நியாயமான கேள்விதானே.

அதற்கு ஒரு ஏற்பாடு ஆகிவிட்டது. அதைப் பற்றி நீ விசாரிக்க வேண்டாம். அடுத்த வியாழக்கிழமை பஸ்ஸில் அவர்கள் வருகிறார்கள்.

கோழியைக் கத்தரினா சமைக்கவில்லை. முட்டையிடுகிறது.

உன் அண்ணன்
பஸ்குவால்


குவாத்தமாலா நகரம்
4 ஏப்ரல் 2003

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். அண்ணியும் நீயும் நலம்தானே? வந்து சேர்ந்துவிட்டார்கள்.

திட்டுவேன் என்றேன் அல்லவா, திட்டு எதுவும் வாயில் வரவில்லை. மைக்கைப் பிடித்து மன்னிப்புக் கேட்பது உன்னால் முடிந்திருக்கிறது, இந்த ஆஸ்பத்திரியில் பெரிய பெரிய டாக்டர்களாலேயே முடியாத காரியம். என் சதையைப் பற்றிப் பேசியதை மட்டும் நேரில் வரும்போது கவனித்துக்கொள்கிறேன். பக்கத்து மலைக்காரி ஒருத்தி இங்கே பிள்ளையோடு இருக்கிறாள். அவள் தம்பி ரேடியோவில் கேட்டானாம். வார்டு முழுக்கச் சொல்லிவிட்டாள்.

மலின் வந்ததும் என் கன்னத்தைக் கிள்ளி, "ஒட்டல, பார்த்தீங்களா," என்றாள். மாம்பழம் கேட்டாள், கிடைத்தது. ஏவுல் கொடுத்தனுப்பிய சிவப்புத் துணியைத் தலையில் கட்டிக்கொண்டு படுக்கை படுக்கையாகப் போய் எல்லோரிடமும் பெயர் கேட்கிறாள்.

தொமிங்கோவைத்தான் உனக்குச் சொல்ல வேண்டும். முதல் நாள் சுவரோரம் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்ற ஆள், மூன்றாம் நாள் காய்ச்சல் பார்க்கக் கற்றுக்கொண்டான். கையை எப்படி முழங்கை வரை கழுவ வேண்டும் என்று ஒரு தடவைதான் காட்டினேன். இப்போது புதிதாக வருகிற அப்பாக்களுக்கு அவன் காட்டுகிறான். எதிர்ப் படுக்கைப் பையனுடைய அம்மா தூங்கிப்போனால் அவன் வாந்தி வாளியையும் இவன்தான் கழுவி வைக்கிறான். யாரும் சொல்லவில்லை. இந்த வார்டுக்கு அரைச் சம்பளத்திலாவது இப்படி ஒரு ஆளைப் போடுங்கள் என்று பெரிய நர்ஸம்மா சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

காட்டுக்கு யார் ஏற்பாடு என்று தொமிங்கோவிடம் கேட்டேன். தரையைப் பார்த்துக்கொண்டு, "ஒங்க அண்ணன் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு," என்றான். என்ன நடக்கிறது அங்கே?

அண்ணிக்கு என் அன்பு.

மிக்கா


சான் பிளாஸ்
27 ஏப்ரல் 2003

அருமைத் தங்கை மிக்காவுக்கு,

நான் சொல்லச் சொல்ல உன் அண்ணி எழுதுகிறாள். கட்டைவிரல் கதவில் நசுங்கிவிட்டது, வேறொன்றுமில்லை. சுகம்தான். நீ சுகமா?

நல்ல செய்தி. ஏவுலுக்கு ஆண் குழந்தை. தாயும் பிள்ளையும் நலம். தொமிங்கோவிடம் சொல். குழந்தைக்கு அவன் மூக்கு, பாவம்.

உன் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். மாம்பழம் இருக்கிறது, சிவப்புத் துணி இருக்கிறது, வாந்தி வாளி இருக்கிறது. மலினின் ரத்தம் எப்படி இருக்கிறது என்று ஒரு எழுத்துக்கூட இல்லை. மறந்துபோய் விடுகிற ஆள் நீ இல்லை. அந்த நீலத் திட்டு என் கண்ணைவிட்டுப் போகவில்லை. எழுது.

அண்ணன் பஸ்குவால்

மிக்கா, இது நான், கத்தரினா. அவர் படித்துப் பார்க்க மாட்டார், கண்ணாடி நேற்று உடைந்துவிட்டது. கதவும் இல்லை, கட்டைவிரலும் இல்லை. இரண்டு உள்ளங்கையும் தோலுரிந்து கிடக்கிறது. தொமிங்கோவின் காட்டில் இவர் ஒற்றை ஆளாக விதைக்கிறார். இருபது வருடமாக மண்வெட்டியைத் தொடாத மனுஷன். விடியும் முன்பே மலையேறிப் போகிறார், மத்தியானம் ஓடிவந்து சேற்றுக் காலோடு அறிவிப்பு வாசிக்கிறார், மறுபடி போகிறார். முழங்கால் பூசணிக்காய் மாதிரி வீங்கியிருக்கிறது. "ஏன்யா, கூலிக்கு ஆள் வைக்கலாமே?" என்று கேட்டேன். கேட்டுப் பார்த்தாராம், அந்தக் காட்டில் இறங்க யாரும் வரவில்லையாம். "நான் பேசிக் கெடுத்தத நான்தான் கொத்திச் சரிபண்ணணும்," என்கிறார். வயசான காலத்தில் இவருக்கு இது வேணுமா என்று எனக்குக் கோபம். இருந்தாலும் சாயங்காலம் அவர் கைக்கு மருந்து போடும்போது, நல்ல ஆளைத்தான் கட்டியிருக்கிறேன் என்று நினைத்துக்கொள்கிறேன். அவரிடம் சொல்லிவிடாதே.

கத்தரினா


குவாத்தமாலா நகரம்
14 மே 2003

என் அண்ணனுக்கு,

உன் கையைப் பற்றியும் காட்டைப் பற்றியும் அண்ணி அதே கடிதத்தின் அடியில் எழுதிவிட்டாள், அவளைத் திட்டாதே. உன் கை எப்படி இருக்கிறது? முழங்காலில் தண்ணீர் கோத்திருந்தால் கீழே ஊர் ஆஸ்பத்திரிக்குப் போய் எடுத்துவிடு. இது உன் தங்கை சொல்லவில்லை, நர்ஸ் சொல்கிறாள்.

நீ ஒன்றை மறைத்தாய், நான் ஒன்றை மறைத்தேன். என்னுடையதைச் சொல்கிறேன்.

மலின் வந்த மூன்றாம் நாள் எலும்பு மஜ்ஜை எடுத்துப் பார்த்தோம். நோய் திரும்பி வந்திருந்தது. நீலத் திட்டு என்று நீ எழுதிய வரியைப் படித்தபோதே எனக்குத் தெரியும். உனக்கு எழுத என்னால் முடியவில்லை. ரேடியோவில் சொன்னதால் வீணாய்ப்போன மூன்று வாரம்தான் காரணம் என்று நீ ஆயுள் முழுக்க நினைத்துக்கொண்டு கிடப்பாய். கேட்டுக்கொள், எந்த வாரத்தில் திரும்பியது என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியாது. முதல் வாரமாகவும் இருக்கலாம். அப்புறம், வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல் என்று எழுதியது யார்? நான். நோயின் பெயரைச் சொல்லாதே என்று ஒரு வரி சேர்த்திருக்க வேண்டியவளும் நான். நம் ஊரை எனக்குத் தெரியாதா? இதில் பாதி என்னுடையது, அதை உனக்குத் தர மாட்டேன்.

இந்தத் தடவை மருந்து மிகக் கடுமை. வாய் முழுக்கப் புண், பதினோரு நாள் கெட்டியாக ஒன்றும் இறங்கவில்லை. இரண்டு தடவை காய்ச்சல் வந்து, அவ்வளவுதான் என்று நான் உள்ளுக்குள் சொல்லிக்கொண்டேன். தொமிங்கோ படுக்கையை விட்டு நகரவில்லை. சோளக் கஞ்சியை ஸ்பூனில் எடுத்து ஆற வைத்து ஆற வைத்து, ஒரு சொட்டு உள்ளே போனால் அடுத்ததுக்குக் காத்திருந்தான். மலின் அவனிடம், "அப்பா, நீ சாப்பிடு, நான் பாத்துக்கறேன்," என்றாள். இந்த வேலையில் நான் எத்தனையோ பேரைப் பார்த்துவிட்டேன், அவள் மாதிரி ஒருத்தியைப் பார்த்ததில்லை.

போன வியாழக்கிழமை மறுபடி மஜ்ஜை எடுத்தோம். சுத்தம். ஒரு கெட்ட அணுகூட இல்லை. டாக்டர் என்னைக் கட்டிப்பிடித்துவிட்டார்.

அன்றைக்கே தொமிங்கோ பையைக் கட்ட ஆரம்பித்துவிட்டான்.

நோய் இருக்கிறது என்று கேட்ட நாளைவிட இன்றைக்குத்தான் எனக்குப் பயமாக இருக்கிறது, அண்ணா. டிசம்பரிலும் ரத்தம் சுத்தமான இதே கட்டத்தில்தான் போனார்கள். நான் உட்கார்ந்து சொன்னேன், அவனுக்கு எல்லாம் புரிகிறது. இப்போது போனால் அவள் பிழைக்க மாட்டாள் என்பதும் புரிகிறது. "தெரியுதும்மா. ஆனா மொத களை எடுக்கற நேரம் வந்திருச்சு. ஒங்க அண்ணன் அறுவது வயசு மனுஷன், தனியா அந்தச் சரிவுல நின்னுக்கிட்டு இருக்காரு. எம்பொண்ணுக்காக அவரு செத்தா நான் எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு ஊருக்குள்ள போவேன்? நான் பொறந்த புள்ளையக்கூடப் பாக்கல. ஒரு மாசம் போயிட்டு வந்துர்றோம்," என்கிறான். ஒரு மாதம் என்று சொல்லிப் போனவர்கள் ஒருவர்கூடத் திரும்பியதில்லை. மாதக் கடைசி பஸ் வரைக்கும் பொறு என்று கெஞ்சி வைத்திருக்கிறேன்.

மலின் இந்த வருஷம் முழுக்க ஊருக்குத் திரும்பக் கூடாது. அவ்வளவுதான் எனக்கு வேண்டும். இதற்கு நீ என்ன செய்ய முடியும் என்று எனக்குத் தெரியவில்லை. ஆளைத் தேடு. இல்லையென்றால் காட்டைப் போட்டுவிட்டேன், முழங்கால் முடியவில்லை, இனி போகவில்லை என்று ஒரு பொய்யாவது எழுது, அவன் உனக்காகக் கவலைப்படுவதாவது நிற்கட்டும். இல்லை, அதுவும் வேண்டாம். எது எழுதினாலும் அவன் கிளம்பிவிடுவான்.

உன்னை நினைத்தால் பெருமையாக இருக்கிறது. அதை எழுதாமல் விடக் கூடாது என்று எழுதுகிறேன். இப்படி ஒரு அண்ணன் எனக்கு வாய்த்தும் அறுபது வயதில் அவனைக் கொல்லப் பார்க்கிறேன்.

மிக்கா


சான் பிளாஸ்
24 மே 2003

அருமைத் தங்கை மிக்காவுக்கு,

தபாலை நம்பவில்லை. பஸ் டிரைவர் கையில் கொடுத்தனுப்புகிறேன், அவன் ஆஸ்பத்திரி வாசல் வரை வந்து தருவான், ஒரு காப்பி வாங்கிக் கொடு. கத்தரினா சுகம். என் கை காய்ப்பேறிவிட்டது, இந்தக் கடிதத்தை நானே எழுதுகிறேன். உன் கடிதத்தைப் படித்தேன். பாதி உன்னுடையது என்றாயே, அதற்கு நன்றி. மீதியை நான் வைத்துக்கொள்கிறேன்.

இதைத் தொமிங்கோவுக்கு வாசித்துக் காட்டு.

பொய் எழுதச் சொன்னாய். உட்கார்ந்தேன், வரவில்லை. செவ்வாய்க்கிழமை வழக்கம்போல மலையேறினேன். ஒன்றரை ஏக்கரில் கால்வாசிகூடக் களை எடுத்து முடிக்கவில்லை, மழையும் பிடித்துவிட்டது. இந்த வருஷச் சோளம் போச்சு என்றுதான் மனசுக்குள் சொல்லிக்கொண்டு போனேன்.

திருப்பத்தில் வரும்போதே மண்வெட்டிச் சத்தம் கேட்டது. பதினோரு பேர். முறைவேலைக் கூட்டம் மொத்தமும், மேலே ஒரு ஆள், கீழே ஒரு ஆள் என்று சரிவு முழுக்க இறங்கியிருந்தார்கள். தொமிங்கோவைத் தள்ளிவிட்டதே அவர்கள்தான்.

அவர்களில் மூத்தவன், மில்காரியின் புருஷன், நிமிர்ந்து முதுகைப் பிடித்துக்கொண்டு என்னைத் திட்ட ஆரம்பித்தான். "ரெண்டு மாசமா எதிர்க் காட்டுல இருந்து பாத்துக்கிட்டிருக்கோம். பயிர வெட்டிப்புட்டு களைய நட்டு வெச்சிருக்க. கண்ணால பாக்க முடியல. ரேடியோவுல பேசறவன் ரேடியோவுல பேசு," என்றான். அப்புறம் குனிந்து இரண்டு கொத்து கொத்திவிட்டு, என் பக்கம் பார்க்காமலே, "ரெண்டு மாசமா அவங்க வீட்டுத் தண்ணியக் குடிக்கற, அவங்க வீட்டுக் கஞ்சியக் குடிக்கற. ஒனக்கு ஒண்ணும் ஆகலியே," என்றான்.

மத்தியானம் ஏவுல் கைக்குழந்தையோடு சாப்பாடு கொண்டு வந்தாள். பதினோரு பேரும் அவள் கையால் வாங்கி உட்கார்ந்து தின்றார்கள். ஒருவன் மட்டும் கொஞ்சம் தயங்கினான், பக்கத்தில் இருந்தவன் முழங்கையால் இடித்ததும் வாங்கிக்கொண்டான். ரொட்டி புது மாவு. மில்லில் அரைத்தது.

நான் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு ஒரு வரிசையில் இறங்கப் போனேன். "எங்க வர்ற? போ அந்தப் பக்கம்," என்று துரத்திவிட்டார்கள். பாறைமேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். சாயங்காலத்துக்குள் முழுக் காடும் சுத்தமாகிவிட்டது. இரண்டாம் களைக்கும் அறுவடைக்கும் நாள் குறித்துவிட்டார்கள், தொமிங்கோ மற்றவர் காட்டில் இறங்க வேண்டிய முறை வரும்போது அவனுக்குப் பதிலாக இவர்கள் போவார்களாம். அடுத்த வருஷ விதைப்புக்கும் அதே கணக்குத்தானாம்.

தொமிங்கோ, நீ பையை அவிழ்த்து வை. வந்தாலும் உனக்கு இங்கே வேலை இல்லை.

பஸ்குவால்